பறிக்கப்பட்ட பதக்கம்: சாந்தி சௌந்தரராஜனின் தடகள வாழ்வும் பெண் வீரர்கள் மீதான பாலினச் சோதனையின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனையைக் காரணமாகக் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. இந்நிகழ்வு பெரும்பாலும் ஒரு தனிமனிதத் துயரமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனைப் பெண் விளையாட்டில் பாலினச் சோதனை வளர்ந்த வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்கிறது. அமெரிக்க டென்னிஸ், ஸ்பானியத் தடகளம், தென்னாப்பிரிக்கத் தடகளம் ஆகிய களங்களில் எழுந்த வழக்குகளோடு ஒப்பிட்டு, இத்தகைய சோதனைகளின் விளைவை முடிவு செய்ததில் மருத்துவ உண்மையைவிட வழக்கறிஞர், அரசின் துணை, மொழி, பொருள் வளம் ஆகியவற்றுக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை, பாலினச் சோதனை, தடகளம், டென்னிஸ், ஊடுபால், விளையாட்டு நீதி

முன்னுரை

தமிழில் விளையாட்டு வரலாறு இன்னும் முழுமையான ஆய்வுத் துறையாக வளரவில்லை. வீரர்களின் சாதனைப் பட்டியல்களும் பாராட்டுரைகளும் உள்ள அளவுக்கு, விளையாட்டின் விதிகள் எவ்வாறு உருவாயின, அவை யாரைச் சேர்த்தன, யாரை விலக்கின என்னும் வினாக்களுக்கு விடை தேடும் எழுத்துகள் இல்லை. சாந்தி சௌந்தரராஜனின் வாழ்க்கை அவ்வினாக்களைத் தவிர்க்க இயலாதபடி எழுப்புகிறது.

இவ்விடத்தில் ஆய்வு அறம் பற்றி ஒன்று கூற வேண்டும். சாந்தியின் உடலைப் பற்றிய மருத்துவ ஊகங்கள் 2006 முதல் செய்தி ஊடகங்களில் தாராளமாக எழுதப்பட்டன. அவருடைய ஒப்புதல் இன்றி அம்பலமான செய்திகளை ஆய்வின் பெயரால் மீண்டும் விரித்துரைப்பது முறையன்று. ஆகவே இக்கட்டுரை அவருடைய உடலை ஆராயவில்லை. அவ்வுடலைச் சோதித்த விதிகளையே ஆராய்கிறது.

கத்தக்குறிச்சியிலிருந்து தோஹாவுக்கு

முன்னாள் சமஸ்தானமாகிய புதுக்கோட்டை 1948ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று. ஏரி, கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பிய இப்பகுதியில், நிலமற்ற குடும்பங்களுக்குக் கூலி வேலையே வாழ்வாதாரம். அவ்வேலைகளுள் செங்கல் சூளை முக்கியமானது. மண் குழைத்தல், கல் அறுத்தல், காய வைத்தல், சூளை அடுக்குதல் என்று குடும்பம் முழுவதும் சேர்ந்து உழைத்தால்தான் கூலி கிடைக்கும்.

சாந்தி 1981ஆம் ஆண்டு அத்தகைய தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகள் கொண்ட குடும்பம் சிறு குடிசையில் வாழ்ந்தது. தாமும் ஓடிப் பழகியவரான பாட்டனாரே தமக்கு ஓட்டம் கற்றுத்தந்தார் என்று சாந்தி நேர்காணல்களில் நினைவுகூர்ந்துள்ளார். மண் தரையில் வெறுங்காலோடு தொடங்கிய ஓட்டம் பள்ளிப் போட்டிகளுக்கும், பின்னர் மாநில, தேசியப் போட்டிகளுக்கும் அவரை அழைத்துச் சென்றது.

2005ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கமும் 800 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் தோஹாவில் 800 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. பஹ்ரைன் நாட்டுக்காக ஓடிய மரியம் யூசுப் ஜமால் முதலிடம் பெற்றார். சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவுக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.03 விநாடி மட்டுமே.

வென்ற மரியம் எத்தியோப்பியாவில் பிறந்து, பின்னர் பஹ்ரைன் குடியுரிமை பெற்றவர். விளையாட்டு அமைப்புகள் ஒருவருடைய நாடு மாறுவதை ஏற்கின்றன. அதற்கென விதிகளும் வகுத்துள்ளன. பிறந்தது முதல் பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே பள்ளியிலும் போட்டியிலும் பதிவு செய்யப்பட்ட ஒருவரின் பாலினம் ஐயத்துக்கு உள்ளானபோது, அவருக்குக் கைகொடுக்கும் தெளிவான நடைமுறை எதுவும் இருக்கவில்லை.

சோதனை பிறந்த வரலாறு

பெண்களுக்கெனத் தனிப் போட்டிப் பிரிவு தேவை என்பதில் ஐயமில்லை. பருவமடைந்தபின் ஆண்களுக்குக் கிடைக்கும் தசை வலிமையும் உடலமைப்பும் ஓட்டத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. தனிப் பிரிவு இல்லையேல் பெரும்பாலான பெண்களுக்கு இறுதிப் போட்டிகளில் இடமே கிடைக்காது. அப்பிரிவின் எல்லையை எதைக் கொண்டு வரையறுப்பது என்பதே சிக்கலான வினா.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வென்ற அமெரிக்க வீராங்கனை ஹெலன் ஸ்டீபன்ஸ் ஆண் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். வேகமாக ஓடும் பெண் மீது ஐயம் எழுவது அப்போதே வழக்கமாகிவிட்டது. 1940களின் பிற்பகுதியில், பெண் என்று உறுதிப்படுத்தும் மருத்துவச் சான்றிதழைப் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு கோரத் தொடங்கியது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் முகாம் நாடுகளின் பெண்கள் மீது மேற்குலகில் ஐயம் வலுத்தது. 1966 புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பெண் வீரர்கள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது.

இந்த அவமதிப்புக்கு மாற்றாக அறிவியல் முன்வைக்கப்பட்டது. கன்னத்தின் உட்புறச் செல்களில் குரோமோசோம் அமைப்பைப் பார்க்கும் எளிய சோதனை 1967இல் நடைமுறைக்கு வந்தது. போலந்தின் எவா குளோபுகோவ்ஸ்கா அதன் முதற்பலியானார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத் தங்கம் வென்றவர் அவர். 1968 முதல் ஒலிம்பிக்கிலும் இச்சோதனை கட்டாயமாயிற்று.

அறிவியல் தெளிவான விடை தரும் என்ற நம்பிக்கை நீடிக்கவில்லை. ஒருவரின் பாலினக் கூறுகள் குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன் சுரப்பு, அந்த ஹார்மோனை உடல் ஏற்கும் திறன், புற உறுப்பமைவு எனப் பல படிகளில் அமைகின்றன. பெரும்பாலானோரிடம் இவை ஒரே திசையில் அமையும்; சிலரிடம் அமைவதில்லை. ஒய் குரோமோசோம் இருந்தும் ஆண் ஹார்மோனை உடல் சிறிதும் ஏற்காத பெண்கள் உள்ளனர். அந்த ஹார்மோன் தரும் வலிமை அவர்களுக்குக் கிடைப்பதேயில்லை. ஆயினும் குரோமோசோம் சோதனை அவர்களையே விலக்கியது.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோவின் வழக்கு இதனை வெளிப்படுத்தியது. 1985 கோபே பல்கலைக்கழகப் போட்டியில் அவர் சோதிக்கப்பட்டார். அமைதியாக விலகிவிட மறுத்து அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில் ஓடியதும் முடிவு செய்தித்தாள்களுக்குக் கசிந்தது. உதவித்தொகையும் தங்குமிடமும் போயின. மரபியல் அறிஞர்களின் துணையோடு போராடி 1988இல் ஓடும் உரிமையை மீட்டார். 1990களின் தொடக்கத்தில் தடகளக் கூட்டமைப்பு பொதுச் சோதனையைக் கைவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3387 பெண்கள் சோதிக்கப்பட்டு, 8 பேரின் முடிவு வேறுபட்டிருந்தும் எண்மரும் அனுமதிக்கப்பட்டனர். 1999இல் ஒலிம்பிக் குழுவும் கட்டாயச் சோதனையை நிறுத்தியது.

பொதுச் சோதனை மறைந்தபோது ஐயத்தின் பேரில் ஒருவரை மட்டும் சோதிக்கும் அதிகாரம் மறையவில்லை. எல்லோருக்கும் பொதுவான சுமை, சுட்டிக்காட்டப்பட்டவர் தலையில் மட்டும் இறங்கும் சுமையாக உருமாறியது. சாந்தி ஓடியது அந்த இடைக்காலத்தில்.

டென்னிஸ் களம்: ஓர் ஒப்பீடு

தொழில்முறைப் பெண்கள் டென்னிஸில் இதற்கு முன்பே எழுந்த ஒரு வழக்கு ஒப்பிடத் தக்கது. ரெனே ரிச்சர்ட்ஸ் அமெரிக்கக் கண் மருத்துவர். ஆணாக வளர்ந்து, நடுவயதில் அறுவை சிகிச்சை வழியாகப் பெண்ணாக மாறியவர். சாந்தியின் நிலை இதனின்றும் அடிப்படையிலேயே வேறானது என்பதை வலியுறுத்த வேண்டும். இங்கு ஒப்பிடப்படுபவை இருவருடைய உடல்கள் அல்ல. இருவருக்கும் கிடைத்த நடைமுறைகள்.

1976இல் ரிச்சர்ட்ஸ் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பங்கேற்க முயன்றபோது, குரோமோசோம் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் நிபந்தனை விதித்தது. அவர் நியூயார்க் நீதிமன்றத்தை நாடினார். முன்னணி வீராங்கனை பில்லி ஜீன் கிங் அவருக்கு ஆதரவாக உறுதிமொழி அளித்தார். 1977இல் நீதிமன்றம் ரிச்சர்ட்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஒற்றையர் முதற்சுற்றில் விர்ஜினியா வேடிடம் தோற்றார். இரட்டையரில் இறுதிப் போட்டி வரை சென்றார். பின்னர் மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் பயிற்றுநராகவும் விளங்கினார்.

இவ்வழக்கில் மூன்று கூறுகள் கருதத் தக்கன. முதலாவது, நிபந்தனை போட்டிக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்க்கக் காலம் இருந்தது. இரண்டாவது, ரிச்சர்ட்ஸ் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் வசதி படைத்த மருத்துவர். மூன்றாவது, டென்னிஸின் பொருளாதார அமைப்பு. அமெரிக்க ஓப்பனில் 1973 முதல் ஆண், பெண் இருபாலருக்கும் சமமான பரிசுத் தொகை வழங்கப்பட்டது. அதே ஆண்டில் பெண்கள் டென்னிஸ் சங்கமும் தோன்றியிருந்தது. ஒரு போட்டி போனாலும் அடுத்த வாரம் வேறொரு நகரில் இன்னொரு போட்டி உண்டு. ஆட்டமே ஊதியம் தரும் தொழிலாக இருந்தது. சாந்திக்கு இம்மூன்றில் ஒன்றேனும் கிடைக்கவில்லை.

தோஹாவுக்குப் பின்

ஓட்டம் முடிந்தபின் சாந்தி பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார். மருத்துவர்கள் தம்மைச் சோதித்தபோது நடப்பது என்னவென்று தமக்குப் புரியும் மொழியில் எவரும் விளக்கவில்லை என்று அவர் பின்னர் நேர்காணல்களில் கூறியுள்ளார். தோஹாவிலிருந்து ஊர் திரும்பியவர், முடிவைத் தொலைக்காட்சிச் செய்தியின் வழியாகவே அறிந்தார். அதிகாரப்பூர்வமான விளக்கமோ, மறுப்புரைக்க வாய்ப்போ, கலந்தாய்வோ அதற்கு முன் அவருக்குக் கிடைக்கவில்லை. பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கொள்கையே மகப்பேற்று மருத்துவர், ஹார்மோன் வல்லுநர், உளவியலாளர் உள்ளிட்ட குழுவின் மதிப்பீட்டைப் பரிந்துரைத்திருந்தது. சில நாட்களுக்குள் செய்தி உலகம் முழுவதும் பரவிவிட்ட வேகத்தில், அத்தகைய நிதானமான மதிப்பீட்டுக்கு இடமிருந்ததாகத் தோன்றவில்லை.

‘சோதனையில் தோல்வி’ என்னும் தொடர் அப்போது செய்தியுலகில் பரவியது. தேர்வில் தோற்கலாம், பந்தயத்தில் தோற்கலாம். பிறப்பால் அமைந்த உடலில் தோற்பது என்பது எவ்வாறு என்று அத்தொடரைப் பயன்படுத்தியோர் எண்ணிப் பார்க்கவில்லை. ஊக்கமருந்து உட்கொண்டோருக்குரிய சொல்லாட்சி, எந்த முறைகேடும் செய்யாத ஒருவர் மீது ஏற்றப்பட்டது.

தமிழ்நாடு அரசின் அணுகுமுறை இதனின்றும் வேறுபட்டிருந்தது. முதலமைச்சர் மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாய்ப் பரிசை அவருக்கு வழங்கினார். பதக்கம் பறிக்கப்பட்ட பின்னரும் அப்பரிசு திரும்பப் பெறப்படவில்லை. ஆயினும் பதக்கத்தை மீட்கும் வழக்கு எதுவும் இந்திய விளையாட்டு அமைப்புகளால் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லப்படவில்லை.

பதக்கம் என்னும் வாழ்வாதாரம்

இந்தியத் தடகளத்தில் பதக்கத்தின் பொருளை உணராமல் இவ்வழக்கின் ஆழம் புலப்படாது. டென்னிஸைப் போன்று ஆட்டமே ஊதியம் தரும் அமைப்பு இங்குத் தடகளத்துக்கு இல்லை. ரயில்வே, காவல் துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளே ஏழைக் குடும்பத்து வீரர்களின் இலக்கு. பதக்கமும் அதற்குரிய சான்றிதழும் அப்பணிக்கான தகுதி ஆவணங்கள். நிலமோ சேமிப்போ இல்லாத குடும்பத்தில் பதக்கம் ஒன்றே தலைமுறையை மாற்றக்கூடிய சொத்து. ஆகவே தோஹாவில் பறிபோனது ஒரு போட்டியின் முடிவு மட்டுமன்று.

அடுத்துவந்த ஆண்டுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. 2007இல் சாந்தி தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் செய்திகள் வந்தன. பின்னர் புதுக்கோட்டையில் ஒப்பந்த அடிப்படையில் பயிற்றுநராகப் பணியாற்றி, கிராமப்புற மாணவர்களுக்கு ஓட்டம் கற்பித்தார். நிலையற்ற அப்பணியும் நீடிக்கவில்லை. 2012ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்கு அவர் செங்கல் சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வெளியாகிப் பெரும் கவனம் பெற்றது. பெற்றோர் உழைத்த அதே தொழிலுக்கு அவர் திரும்ப நேர்ந்தது.

அதன்பின் நிலை மெல்ல மாறியது. தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயப் படிப்பைப் பெங்களூருவில் முடித்தார். மதுரையைச் சேர்ந்த கோபி சங்கர் உள்ளிட்ட செயற்பாட்டாளர்களின் துணையோடு ஆணையங்களிடமும் நீதிமன்றத்திலும் முறையிட்டார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின் பணி கிடைத்தது, பதக்கம் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தோர்

சாந்திக்குப் பின் இரு வழக்குகள் உலகின் கவனத்தைப் பெற்றன. 2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் அதே 800 மீட்டரில் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா சோதிக்கப்பட்டார். அவருடைய அரசு வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது. 2010இல் மீண்டும் களமிறங்கினார்.

2014இல் ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த துத்தீ சந்த், டெஸ்டோஸ்டீரோன் அளவைக் காரணமாகக் கொண்டு காமன்வெல்த் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். இம்முறை இந்திய விளையாட்டு ஆணையம் துணைநின்றது. நடுவர் நீதிமன்றம் 2015 ஜூலையில் அவ்விதியையே இடைநிறுத்தியது. வறுமையிலும் வட்டார மொழிச் சூழலிலும் துத்தீயின் பின்னணி சாந்தியினுடையதை ஒத்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் மாறியிருந்தது அரசின் நிலைப்பாடு. அம்மாற்றத்துக்குச் சாந்தியின் அனுபவம் ஓர் எச்சரிக்கையாக அமைந்தது எனக் கருதலாம்.

விதிகளின் வரலாறு நேர்க்கோட்டில் செல்லவில்லை. 2018இல் புதிய ஹார்மோன் வரம்பு வந்தது. அதனை எதிர்த்த செமன்யாவின் மனு 2019இல் நடுவர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல், உலகப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் பங்கேற்போர் அனைவருக்கும் மரபணுச் சோதனையை உலகத் தடகள அமைப்பு கட்டாயமாக்கியது. 1999இல் ஒலிம்பிக் குழு நிறுத்திய பொதுச் சோதனை இவ்வாறு மீண்டுள்ளது.

தமிழ்நாட்டின் நீதிமன்றமும் மொழியும்

விளையாட்டு அமைப்புகளுக்கு வெளியே தமிழ்நாட்டில் வேறொரு சிந்தனை வளர்ந்தது. மருத்துவ அறிக்கையைக் காரணமாக்கிக் காவல் பணியிலிருந்து நீக்கப்பட்ட பெண் ஒருவரின் வழக்கில், அந்நீக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ரத்து செய்தது. 2019 ஏப்ரலில் அதன் மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பால் மாற்ற அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. அவ்வாண்டே அரசாணையும் வெளியானது. புதுக்கோட்டை மாவட்டமும் அக்கிளையின் எல்லைக்கு உட்பட்டதே.

தமிழ் இலக்கண மரபும் இங்கு நினைவுகூரத் தக்கது. தொல்காப்பியக் கிளவியாக்கம் உயர்திணைப் பால்களை வகுத்த கையோடு, அவ்வகுப்பில் எளிதில் அடங்காதோரைக் குறிக்கும் பெயர்களையும் கருதுகிறது. அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், வழங்கும் பால் ஈறுகளையே அவை ஏற்கும் என்றும் விதிக்கிறது. இது சாந்தியின் வழக்குக்கு நேரடி விடையன்று. வகைப்பாடு ஒன்றை உருவாக்குவோர் அதன் விளிம்பில் நிற்போரை முன்னரே கருத வேண்டும், அவர்களை உயர்திணையிலிருந்து நீக்கலாகாது என்னும் நெறியை மட்டும் அதிலிருந்து பெறலாம்.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. பாலினச் சோதனை, பொதுவான கட்டாயத்திலிருந்து ஐயத்தின் பேரிலான தனிச் சோதனையாக மாறிய இடைக்காலத்தில் சாந்தி அகப்பட்டார். அது முன்னறிவிப்பும் முறையீட்டு வழியும் மிகக் குறைந்திருந்த காலம். ரிச்சர்ட்ஸ், மார்ட்டினெஸ் பாட்டினோ, செமன்யா, துத்தீ சந்த் ஆகியோருக்கு வழக்கறிஞரோ, அறிஞரோ, அரசோ துணையாக இருந்தமையால் விளைவுகள் வேறாயின. சாந்தி தனித்து நின்றார். பதக்கமே வாழ்வாதாரமாகும் இந்தியத் தடகள அமைப்பில், பதக்கப் பறிப்பு என்பது தொழிலையும் சேர்த்துப் பறிப்பதாகும்.

எல்லை வகுக்கும் உரிமை விளையாட்டு அமைப்புகளுக்கு உண்டு. யலோவ்ட்சேவா போன்ற சக வீரர்களுக்கு நியாயமான போட்டியைப் பெறும் உரிமையும் உண்டு. அவ்வுரிமைகளைக் காப்பதற்கு, சோதிக்கப்படுபவரிடம் அவர் மொழியில் விளக்குவதும், முடிவை முதலில் அவரிடமே தெரிவிப்பதும், மறுப்புரைக்கக் காலம் தருவதும் இடையூறாக இருந்திருக்க மாட்டா. 2025இல் மரபணுச் சோதனை பொதுவிதியாகிவிட்ட நிலையில், கத்தக்குறிச்சி போன்ற ஊர்களிலிருந்து ஓடிவரும் அடுத்த பெண்ணுக்கு அம்மூன்றையும் உறுதிசெய்யும் பொறுப்பு இந்தியத் தடகள அமைப்புகளுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் உரியது.